சித்தியின் இரண்டு டையோடுகள்

செல்போன் பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருகும் புகை மூக்கில் ஏறியதும், சின்னமனூரில் சித்தியின் ரேடியோ மேசை நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வுக்காகச் சித்தி தினமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கிருந்தோ வரும் தந்தி ஒலிகளை எழுத்துகளாக எழுதிக்கொண்டே இருப்பார். சிறுவயதுக் காய்ச்சலில் அவருக்கு வலது காது கேட்காமல் போயிருந்தது. ஒருநாள் மேகமலைப் பக்கம் மின்னியபோது ஹெட்போனில் வெடித்த சத்தத்தில் இடது காதும் இரண்டு நாள் இரைந்தது. சித்தப்பா ஹெட்போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சித்தி சண்டை போடவில்லை. டையோடு எனும் நெல்மணி அளவு மின்பாகங்கள் இரண்டை ஒன்றுக்கொன்று தலைமாற்றி, ரேடியோவில் ஹெட்போன் செருகும் இடத்தில் பற்றவைத்தார்.

"சத்தம் அளவு மீறுனா மிச்சத்தக் காதுக்கு விடாது," என்றார். எது மிச்சம் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று நான் அவரைத் துளைத்தெடுத்தேன்.

மறுபடி தூரத்து மலையில் இடி உருண்ட மாலையில், சித்தி பீரோவைத் திறந்து ஹெட்போனை எடுக்கச் சொல்லி, "நீங்களே மாட்டிப் பாருங்க," என்றார் சித்தப்பாவிடம். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு மாட்டினார். மலையில் மின்னல் வெட்டியது. மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"சொடக்குப் போட்ட மாதிரிதான் கேக்குது. அதுக்குப் பின்னால யாரோ தந்தி தட்டிக்கிட்டே இருக்காக. என்ன சொல்றாக?"

"குடுத்தாத்தான சொல்ல முடியும்."

சித்தப்பா கழற்றவில்லை. ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் வெளியே திருப்பி, சித்தியின் இடது காதோடு தலையை ஒட்டிவைத்துக்கொண்டார். சித்தி எழுதத் தொடங்கினார்.