சின்னப்பாப்பாவின் இடது கால்

சின்னப்பாப்பாவுக்கு இடது கெண்டைக்காலில் பிறவியிலேயே ஒரு நீல வீக்கம். மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷம் உப்பு வாரியது அந்தக் காலோடுதான். சாயங்காலமானால் வலி உயிரைப் பிடுங்கும். வெளியே சொன்னால் மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவான் என்று புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள்.

போன மழைக்காலத்தில், அளம் மூடியிருந்த சமயம் பார்த்து, புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கோணல்மாணலாக வளர்ந்த நரம்பில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைய வைக்கும் சத்தெல்லாம் அங்கேயே செலவாகிவிடுவதால் வெளியே காயம் பட்டால் ரத்தம் நிற்காது. நரம்புக்குள் மருந்து ஏற்றிச் சுருக்கலாம். மருந்து ஏறியதும் உள்ளே உறைவது இன்னும் கூடும். அதைத் தடுக்க, முன்னும் பின்னும் தினம் வயிற்றில் ஒரு ஊசி, ஒரு நாள்கூட விடக்கூடாது.

சின்னப்பாப்பா கேட்டது ஒன்றுதான். "தை முடிஞ்சதும் அளத்துல எறங்கலாமா?"

"சொன்னபடி கேட்டா எறங்கலாம்மா."

மருந்து ஏற்றி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கால் வீங்கிக் கல்லாகிவிட்டது. அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அவள் புருஷன் நடராசனுக்குப் பொறுக்கவில்லை. ஊசி குத்திக் குத்தி வயிறு நீலம் பூத்திருந்ததைப் பார்த்து, இந்த ஊசிதான் உன்னைக் கெடுக்கிறது, இரண்டு நாள் விடு என்றான். வலியில் அவளும் விட்டுவிட்டாள்.

உப்பளத்து வேலையாட்கள் வீட்டில் சுளுக்கோ வீக்கமோ, எதற்கும் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம்தான். ஒருநாளும் அவள் காலைத் தொட்டுப் பார்க்காத மனுஷன், அன்றைக்கு உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தான்.

"சுடுதா?"

"ஒன்னுமே தெரியலயே."

மருந்தில் தோல் மரத்துப் போயிருந்தது. அது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. மறுநாள் ஒத்தடம் பட்ட இடமெல்லாம் கொப்புளித்து உடைந்தது. இரண்டு புடவை நனைந்தும் ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

பத்து நாள் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். ஊசியை நிறுத்தியதால் காலுக்குள் கண்டபடி உறைந்து, உடம்பில் உறையும் சத்தே தீர்ந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. யார் நிறுத்தச் சொன்னது, யார் சுட்டது என்று கேட்டார். நடராசன் சுவரோரம் தலைகுனிந்து நின்றான்.

"நான்தாம்மா," என்றாள் சின்னப்பாப்பா.

வெந்த தோல் இனிமேல் உப்புத்தண்ணீர் தாங்காது, வெடித்தால் மறுபடியும் ரத்தம்; அளத்தை மறந்துவிடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடராசன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"யோவ், அழுவாத. நீ அழுதா உன்ன தேத்துற வேலையும் எனக்குச் சேந்துக்கும்."

மாசியில் அளம் திறந்தது. கூட வேலை செய்த கொளஞ்சி வாசலில் தயங்கி நின்றாள். சின்னப்பாப்பா நொண்டிக்கொண்டே போய்த் தன் உப்பு வாரும் பலகையை எடுத்துக் கொடுத்தாள்.

"கைப்பிடி லூசா இருக்குது. ஆணி அடிச்சிக்க," என்று மட்டும் சொன்னாள்.