மேயரை உப்பளத்தில் காக்க வைத்த கதை

நேற்று ஒரு மேயரை நாலு மணி நேரம் உப்பளத்து வெயிலில் காக்க வைத்தேன்.

(கைது எதுவும் ஆகவில்லை. மரக்காணத்தில்தான் இருக்கிறேன்.)

தெரியாதவர்களுக்கு: எங்கள் உப்பள மகளிர் குழுவுக்கு நான்தான் செயலாளர். டிகிரி படித்த ஒரே பாவத்துக்காக மெயில் அனுப்புவதெல்லாம் என் தலையில்.

பிரான்ஸில் கடலோரம் ஒரு சின்ன ஊர். அங்கேயும் உப்பளம்தான் பிழைப்பு. அந்த ஊரும் எங்கள் ஊரும் சேர்ந்து ஏதாவது செய்யலாமா என்று ரொம்ப நாளாக மெயில் போய் வந்துகொண்டிருந்தது. நாட்டோடு நாடு பேசி எங்கள் முறை வருவதற்குள் நான் கிழவியாகிவிடுவேன். ஊரோடு ஊர் பேசினால், பதில் போடுபவருக்கும் பாத்தி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

உப்புப் பாத்தியில் தண்ணீருக்கு மேல் பாலாடை மாதிரி மெல்லிய உப்பு ஏடு படியும். அங்கே அதைத் தனியாக வழித்தெடுத்து, டப்பாவில் அடைத்து, பெரிய ஓட்டல்களுக்கு நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

இங்கேயும் அது படிகிறதென்று மேயர் கண்ணால் பார்த்துவிட்டால் ஒப்பந்தம். வழிக்கக் கற்றுத் தருவார்கள், சோலாரில் உப்பு காயவைக்கக் கூடம் போட உதவுவார்கள். மழை மாதங்களில் அளம் மூடிக் கிடக்கும்போது எங்கள் பெண்களுக்கு பேக்கிங் வேலை இருக்கும். படியாவிட்டால் வேறு கடற்கரை பார்த்துப் போய்விடுவார்கள்.

அந்த மழை மாதங்களை நாங்கள் எப்படி ஓட்டுகிறோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தின நாள் குழு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டேன்.

"நாளைக்கு பெரிய ஆளுங்க வர்றாங்க. பாத்தி நீட்டா இருக்கணும்."

எதைப் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லவில்லை. (செயலாளராம், செயலாளர்.)

பதினொன்றரைக்கு மேயர் வந்து இறங்கினார். அறுபது வயதுப் பெண்மணி. மொழிபெயர்க்க பாண்டியிலிருந்து ஒரு சார். வரப்பில் ஏறுவதற்கு முன் மேயர் ஷூவைக் கழற்றிவிட்டார். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

நான் பாத்தியைப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். ஏட்டைக் காணோம்.

"செல்விக்கா, மேல படிஞ்சிருந்தது எங்க?"

எங்கள் குழுவில் இருக்கும் செல்வி அக்கா பெருமையாகச் சொன்னார்: "வெள்ளனவே வந்து கம்பால தட்டி எல்லாத்தையும் முழுகடிச்சிட்டேன். நீதான நீட்டா இருக்கணும்னு சொன்ன?"

அவர் மேல் தப்பே இல்லை. ஏடு மூடிக்கொண்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது, கீழே உப்பு விளையாது. அதைத் தட்டி மூழ்கடிப்பதுதான் எங்கள் அளத்தில் அன்றாட வேலை. இத்தனை வருடமாக நாங்கள் கம்பால் அமுக்கிய சரக்கைப் பார்க்கத்தான் ஒரு மேயர் கடல் தாண்டி வந்திருக்கிறார்.

சார் வாட்சைப் பார்த்தார். "மேடம், ஒரு மணிக்கு பாண்டில லஞ்ச் மீட்டிங் இருக்குது. கெளம்பணும்."

ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று தோன்றியது உண்மை. வாய் வரவில்லை.

"சார், தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. நாங்க தெனமும் இத முழுகடிக்கிறவங்க, பழக்கத்துல இன்னிக்கும் செஞ்சிட்டோம். சாயங்காலத்துக்குள்ள திரும்பப் படியும். இருந்து பாப்பாங்களான்னு கேளுங்க."

மேயர் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சாரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவங்க வீட்லயும் உப்பளம்தானாம். லஞ்ச் மீட்டிங்க கேன்சல் பண்ணச் சொல்றாங்க."

கீற்றுக் கொட்டகையில் எங்கள் டிபன் பாக்ஸ்களே லஞ்ச். ரசம் சோறும் வறுத்த நெத்திலியும். மேயர் நெத்திலியை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கினார்.

இரண்டு மணிக்குக் கடல் காற்று கிளம்பியது. காற்று பலமானால் ஏடு தானாகவே மூழ்கிவிடும்.

செல்வி அக்கா அசரவில்லை. "காத்து கெழக்கால இருந்து வருது. மேற்கால ஓரத்துக்கு இட்டுக்கினு வா. படியறது எல்லாம் அங்கதான் ஒதுங்கும்."

மூன்றரைக்கு அந்த மூலையில் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கையகலம். அப்புறம் முறத்தகலம். நான் அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

மேயர் பாத்தியில் இறங்கி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். தலையாட்டினார். பிறகு குனிந்து தரையைத் தட்டித் தட்டிப் பார்த்து ஏதோ கேட்டார்.

"தரை எப்படி இவ்ளோ கெட்டியா இருக்குதுன்னு கேக்குறாங்க. அவங்க ஊர்ல மெஷின் ஓட்டுறாங்களாம், வெடிச்சிடுதாம்."

"காலாலதான்," என்றார் அக்கா. "சீசனுக்கு முன்னாடி வரிசையா நின்னு மிதிப்போம். எங்க ஈரம், எங்க காஞ்சிதுன்னு காலுக்குத் தெரியும்ல?"

ஒப்பந்த வரைவில் கற்றுத் தருபவர்கள் என்ற இடத்தில் அவர்கள் ஊர் பெயர் மட்டும்தான் டைப் ஆகியிருந்தது. மேயர் கார் பானட்டில் அதை வைத்து, பக்கத்திலேயே பேனாவால் மரக்காணம் என்று சேர்த்து எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்து. எங்கள் ஊர்த் தலைவரும் வந்து போட்டார்.

அவர்கள் ஆள் வந்து எங்களுக்கு ஏடு வழிக்கச் சொல்லித் தருவார். எங்கள் ஆள் போய் அவர்களுக்குப் பாத்தி மிதிக்கச் சொல்லித் தருவார். அந்த ஆள் செல்வி அக்கா.

இன்று காலை ஏழு மணிக்கே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏ சுமதி, அந்த ஊர்ல புழுங்கரிசி கெடைக்குமா, இல்ல நானே எடுத்துக்கினு போவணுமா?"

இதைப் படிப்பவர்களில் பிரான்ஸ் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? அக்காவுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.