டேப்புக்கு வைத்த பொட்டு

எங்கள் பீங்கான் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரமும் நின்றாக வேண்டும். துடைத்துப் பொட்டு வைத்துவிட்டால் விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. அந்த வருடம் முதலாளி கம்பெனிக் கணினியான யுனிக்ஸ் சர்வரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதன் ஹார்ட் டிஸ்க் பழசு, சில வாரமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி சுற்றாது என்று பயந்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் மண் கலவை, மேலே பூசும் கிளேஸின் அளவு, சூளைச் சூடு எல்லாம் அதில்தான், வேறெங்கும் இல்லை. புது டிஸ்க் கேட்டபோதே, ஓடுகிறதை எதற்கு மாற்ற வேண்டும் என்றவர் முதலாளி.

"சூளையே அணைஞ்சி கெடக்குது, ஒம் பொட்டிக்கு மட்டும் என்னம்மா?" என்றார்.

நிறுத்துமுன் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்க, கையில் நல்ல டேப் ஒன்றே ஒன்று இருந்தது. பக்கத்து மேசைக்காரர் ஃபைல்களைச் சுருக்கி டேப்பில் எழுதச் சொன்னார், சீக்கிரம் முடியுமாம். நான் மறுத்தேன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகச் சுருக்கினால், நடுவில் ஓர் இடம் கெட்டாலும் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் பிரியாது. சுருக்காவிட்டால் கெட்ட ஃபைல் மட்டும் போகும். களிமண் தூசி பறக்கிற ஊரில் டேப்பை நம்ப நான் என்ன பைத்தியமா? எழுதியதைத் திரும்பப் படித்து டிஸ்க்கோடு ஒப்பிடவும் வைத்தேன். பஸ் போய்விடும் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எல்லாம் சரியாக வந்தது. டேப்பைப் பத்திரமாக வைக்கச் சொல்லி முதலாளியிடம் கொடுத்துவிட்டு சர்வரை நிறுத்தினேன். அந்தக் கரகரப்பு அடங்கியபோது அழுகையே வந்துவிட்டது.

விஜயதசமி காலையில் டிஸ்க் சுற்றவில்லை. கடலூரிலிருந்து புது டிஸ்க் வரவழைத்து மாட்டி, யுனிக்ஸ் ஏற்றி முடித்ததும் டேப்பைக் கேட்டேன். முதலாளி பூஜைத் தட்டிலிருந்து எடுத்து நீட்டினார்.

"பத்திரமா சாமிகிட்டயே வச்சிட்டேம்மா."

டேப்பின் மூடிமேல் அழகாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பொடி இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருந்தது. பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தும் உள்ளே சிவப்புத் தெரிந்தது. அதைப் போடாமலும் முடியாது. சிலுவை போட்டுக்கொண்டு சர்வரின் டேப் டிரைவுக்குள் தள்ளினேன்.

திரையில் ஃபைல் பெயர்கள் வரிசையாக ஓடின. திடீரென்று நின்றன. டிரைவ் டேப்பை முன்னும் பின்னும் இழுத்தது, என் குடலைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. பிழை என்று காட்டியது. இனி அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கெட்ட இடத்தைத் தாண்டி அடுத்த பெயர் வந்திருந்தது, பிறகு அதற்கடுத்தது. கடைசியில் போனது ஒரே ஃபைல், செய்வதையே நிறுத்திவிட்ட ஏதோ ஒரு பழைய ஜாடியின் கலவைக் கணக்கு.

சாமி காப்பாற்றிவிட்டது என்று முதலாளி பூரித்துப்போனார். அதே பூரிப்பில் புதிதாகச் சந்தனம் குழைத்துக்கொண்டு சர்வரிடம் வந்தார். நான் ஓடிப்போய் டிரைவின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"என் கையில வைங்க சார்," என்றேன்.