அல்லா பிச்சையின் அபிடவிட்

சேத்தூர் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அல்லா பிச்சையைத் தெரியாத டூ வீலர்காரர் அந்தப் பக்கம் கிடையாது. கறாரான மனுஷன். டியூப்பில் ஓட்டை இல்லையென்றால் காசு வாங்காமல் அனுப்பிவிடுவார். சைலன்சரில் சத்தம் வைக்கச் சொல்லி வருகிறவனுக்கு அவன் அப்பனையும் சேர்த்து வசவு கிடைக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் ஷட்டர் இறங்கிவிடும். அப்புறம் கலெக்டரே வந்து நின்றாலும் காற்றடிக்க ஆளில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்து, மனைவி ஆயிஷா பீவி கஞ்சி போட்டு வைத்த வெள்ளைத் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். ஜும்ஆ தொழுகை முடிந்து, சோறு தின்ற பிறகுதான் மறுபடி கடை.

நான் மாரிச்செல்வி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் கார்த்திகா மேடத்திடம் குமாஸ்தா. அபிடவிட் தயாரிப்பது என் பொறுப்பு. ஆட்கள் அதை ஏதோ ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மாதிரி நினைத்துக்கொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்று வந்து நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூண்டில் ஏறிக் கடவுள் சாட்சியாக வாயால் சொல்வதை, முன்கூட்டியே எழுதிச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் அதுதான் அபிடவிட். தமிழில் சத்தியப் பிரமாண வாக்குமூலம். உன் கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, நீயே அறிந்ததை மட்டும்தான் அதில் சொல்லலாம். பொய் என்று தெரிந்தால் ஜெயில். அதனால் "நீங்க பாத்தீங்களா, ஊர்ல சொன்னாங்களா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுத்தான் டைப் அடிப்பேன்.

வெள்ளைத்தாய் கேசிலும் அப்படித்தான் கேட்டேன். அவள் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அவள் புருஷன் காளிராஜ், அல்லா பிச்சை பாய் கடைக்கு முன்னால் மொபெட்டில் போகும்போது வேன் அடித்துச் செத்துப்போனான். வேன் டிரைவரோ, "அவன் தானாச் சறுக்கி விழுந்தான். பின்னால வந்த நான் இறங்கித் தூக்கினேன்" என்று புண்ணியவான் வேஷம் போட்டான். இன்சூரன்ஸ் கம்பெனியும் அதையே பிடித்துக்கொண்டது. வெயில் நேரம், ரோட்டில் வேறு ஆளில்லை. தான் பார்த்ததாகப் பாய் மட்டும் வெள்ளைத்தாயிடம் சொல்லியிருந்தார். பாயின் சாட்சி நின்றால்தான் வெள்ளைத்தாய்க்கு நஷ்ட ஈடு. இல்லையென்றால் ரெண்டு பெண் பிள்ளைகளோடு அவள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

"நீங்க பாத்தீங்களா பாய்?"

"பாத்தேன். வேன் பின்னால இருந்து வந்து இடிச்சான்."

"அப்ப எங்க இருந்தீங்க?"

"கடையிலதான்."

அதன்படி அடித்தேன். கையெழுத்துப் போட்டார். தாக்கல் செய்தோம்.

குறுக்கு விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் கேஸ் கட்டை எடுத்து வைக்கும்போதுதான் விபத்துத் தேதி என் மண்டையில் உறைத்தது. வெள்ளிக்கிழமை. நேரம், ஜும்ஆ நேரம். அடப்பாவி மனுஷா! பள்ளிவாசலில் இருந்தவர் கடையில் நின்று எப்படிப் பார்த்திருப்பார்? வெள்ளைத்தாய் மேல் இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டாரா?

மறுநாள் காலையில் கோர்ட் வராந்தாவில் அவரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆயிஷா பீவியும் வெள்ளைத்தாயும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தது சத்தியம்மா."

"அன்னிக்கு வெள்ளிக்கிழமை பாய்."

"தெரியும்."

"பொறவு எப்படி?"

அவர் பெஞ்சுப் பக்கம் பார்த்தார். அதற்குள் டவாலி அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். மேடத்திடம் ஓடிப்போய்க் காதில் சொன்னேன். "இப்ப என்னடி செய்ய முடியும்? தாக்கல் பண்ணியாச்சே" என்றார்.

இன்சூரன்ஸ் வக்கீல் அவசரமே படவில்லை. அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாய், இந்த வாக்குமூலம் நீங்க சத்தியம் பண்ணிக் குடுத்ததுதானே?"

"ஆமாய்யா."

"அன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்க கடை தொறந்திருக்குமா?"

"இருக்காதுங்கய்யா."

"எங்க ஆள் உங்க வீட்ல வந்து விசாரிச்சப்ப, 'எங்க வீட்டுக்காரர் ஒரு ஜும்ஆ கூட விட்டதில்ல'ன்னு உங்க மனைவி சொல்லியிருக்காங்க. அவங்க வெளியதான் இருக்காங்க. கூப்பிட்டுக் கேக்கலாமா?"

கதவு திறந்துதான் இருந்தது. ஆயிஷா பீவி எழுந்து வாசலில் வந்து நிற்பதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"ஒண்ணு, உங்க மனைவி சொன்னது பொய். இல்ல, நீங்க சத்தியம் பண்ணினது பொய். எது பாய்?"

சொல்லித் தொலையுமேன் என்று கத்தலாம்போல இருந்தது எனக்கு.

"ஒரு ஜும்ஆ விட்டேன்யா" என்றார். "அந்த ஒண்ணுதான். பள்ளிவாசல் தண்ணி மோட்டார் ரிப்பேர் ஆச்சு. காசு வேண்டாம், நான் பாத்துத் தாரேன்னு ஜமாத்துல சொன்னேன். பஞ்சர் ஒட்டுறவனுக்கு மோட்டார் என்ன தெரியும்னு சிரிச்சிட்டு ராஜபாளையத்துல இருந்து ஆள் கூட்டிட்டு வந்தாக. ரோஷம் பொத்துக்கிட்டு வந்துட்டு. அந்த வாரம் போகல. ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு உள்ள தரையில உக்காந்திருந்தேன். சந்து வழியா ரோடு தெரிஞ்சிச்சு. மொபெட்டுப் பின் சக்கரத்துல வேன் வந்து ஏறுச்சு. அத என் கண்ணால பாத்தேன்."

"நீங்க உள்ள இருந்ததை யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதானய்யா ஷட்டரையே இறக்குனேன்."

"வசதியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் மேடம் இன்னொரு சாட்சிக்கு வாய்தா கேட்டு வாங்கினார். யார் அந்தச் சாட்சி என்று அவருக்கே தெரியாது.

பாய் தலையைத் தொங்கப் போட்டபடி வெளியே வந்தார். ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதைவிட, பொண்டாட்டி காதில் விழுந்துவிட்டது. "ஆயிஷா" என்று ஆரம்பித்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் ஆயிஷா பீவி. "தொப்பி ஆணியிலேயே தொங்குச்சு. சாயங்காலம் வந்து, கடையிலிருந்து நேராப் பள்ளிக்குப் போயிட்டேன்னிய. சரின்னுட்டேன். ஒங்ககிட்ட கேட்டு என்ன ஆவப்போவுது?"

"பொறவு ஏன் அந்த ஆள்கிட்ட அப்படிச் சொன்ன?"

"எவனோ ஒருத்தன்கிட்ட என் புருஷன விட்டுக் குடுப்பனா? நல்லாருக்கே கத!"

வெள்ளைத்தாய் ஆயிஷா பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் ஆயிஷா பீவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு நேராகவே கேட்டார்: "அம்மா, தொப்பி விஷயத்தைச் சத்தியம் பண்ணி எழுதிக் குடுப்பீங்களா? முன்னாடி சொன்னது புருஷனுக்காகச் சொன்ன பொய்னும் சேத்து எழுதணும். அத வச்சுக் கூண்டுல உங்களைத் துருவி எடுப்பாங்க."

பாய் பதறினார். "அவள விட்டுருங்கம்மா. என் மானம் போனது போதும்."

ஆயிஷா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் வாய் தவறிச் சொன்னதாலதான இம்புட்டும்? இந்தப் பிள்ள கஞ்சியில மண்ணு விழணுமா? எழுதுட்டி மாரிச்செல்வி."

எதிரே டைப் சென்டரில் உட்கார்ந்து அடித்தேன். அவள் பக்கத்து ஸ்டூலில் இருந்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். சம்பவ நாளன்று என் கணவரின் தொப்பி வீட்டு ஆணியில் இருந்ததை நான் நேரில் பார்த்தேன். அவர் தொழுகைக்குச் செல்லவில்லை என்பதை அன்றே அறிவேன். விசாரிக்க வந்தவரிடம் நான் கூறியது உண்மையல்ல. அந்த வரியில் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள்.

"மத்த வாரமெல்லாம் அவிய போனாகன்னு ஒரு வரி சேரு."

"யக்கா, இது அபிடவிட். நீங்க கண்ணால பாத்தது மட்டும்தான் வரும். பள்ளிவாசலுக்குள்ள நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"ஏட்டி, வெறும் ஆணியப் பாத்திருக்கேன்ல? கல்யாணம் ஆன நாள்ல இருந்து வாராவாரம் வெறும் ஆணியத்தான பாத்தேன்?"

அடித்தேன். கேசுக்கு அந்த வரி தேவையில்லை என்று மேடம் சொன்னார். நான் எடுக்க மாட்டேன் என்றேன். தீர்ப்பு வெள்ளைத்தாய் பக்கம் வந்தபோது, சாட்சியின் மனைவி கணவருக்குச் சாதகமாக மட்டும் பேசவில்லை, ஆகையால் நம்பத்தக்கவர் என்று நீதிபதி எழுதியிருந்தார். பாய் அதை என்னிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். "நேரமாச்சு, தொப்பி வீட்ல இருக்கு" என்று எழுந்து பஸ்ஸுக்கு ஓடினார்.