பர்வீன் பெட்டியில் போட்ட சீட்டு

பர்வீன் இறந்துவிட்டாள். இன்று விடிகாலையில். டெங்கு... ஐந்தே நாள்.

இந்தப் பதிவு வருவது அம்மாவின் ஐடியிலிருந்து. எழுதுவது நான், கயல். பிளஸ் ஒன்னில் அவளும் நானும் ஒரே வகுப்பு.

எங்கள் பள்ளியில் சமரசக் குழு என்று ஒன்று உண்டு. பிள்ளைகளின் சண்டையை டீச்சரிடம் கொண்டுபோகாமல் பிள்ளைகளே பேசித் தீர்ப்பது. சண்டை போட்டவர்கள் நூலக வாசலில் இருக்கும் பெட்டியில் சீட்டு எழுதிப் போடுவார்கள். மதிய இடைவேளையில் நானும் பர்வீனும் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவோம்.

பயிற்சியில் கொடுத்த கையேட்டை நான் மூன்று முறை படித்தேன். அடிக்கோடு போட்டு. அவள் தன் கையேட்டின் முதல் பக்கத்தில் பூ வரைந்து வைத்திருந்தாள்.

ஆனால் எல்லாரும் அவளைத்தான் கேட்டார்கள். "பர்வீன் அக்கா இல்லையா? அப்ப நாளைக்கு வாரோம்." நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்...

ஒருநாள் எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் சட்டையில் பட்டனே இல்லை. "நீ அவனா மாறி, நடந்ததச் சொல்லுடா" என்றாள் பர்வீன்.

"நான் எதுக்குக்கா அவனா மாறணும்? அவன் குளிக்கவே மாட்டான்."

"அதையும் சேத்துச் சொல்லு."

குளிக்காதவன்தான் முதலில் சிரித்தான். கையேட்டில் இப்படி ஒரு முறை இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் என் முறை. பள்ளி வேனில் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போட்ட இரண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு நிமிடம், வாட்ச் பார்த்துப் பேசவிட்டேன். பிறகு, செய்யவே கூடாது என்று நானே சிவப்பில் கோடு போட்டிருந்த தவறைச் செய்தேன். "தப்பு உன் மேலதான்" என்று ஒருத்தியிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அவள் அழுதாள். உடனே மற்றவள் எழுந்தாள். "இவளச் சொல்றதுக்கு நீங்க யாருக்கா? நீ வாடி, போவோம்." இருவரும் கைகோத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பர்வீன் மேசையில் தலைவைத்துச் சிரித்தாள். "ஏய் கயலு, சேத்து வச்சிட்டியேடி! என்னாலகூட இம்புட்டு சீக்கிரம் முடியாது!" பதிவேட்டிலும் "தீர்த்து வைத்தது: கயல்" என்று எழுதினாள்.

அதில் கேலி இல்லை. நிஜமான சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அவளோடு சரியாகப் பேசவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனேன்.

போன மாதம் பெட்டியைத் திறந்தால் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. "எனக்கும் கயலுக்கும் சண்டை. என்ன சண்டைன்னு எனக்குத் தெரியல. கயல் சொன்னா கேட்டுக்கிறேன்."

வந்த சீட்டை அன்றே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நான் அதை மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டேன்.

"பெட்டில ஏதாச்சும் வந்துச்சாடி?" என்று இரண்டு முறை கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

இன்று மதியம் தெற்குவாசலில் இருக்கும் அவள் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து எல்லாரும் போனோம். தெரு முழுக்க எங்கள் யூனிஃபார்ம். சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அவள் அம்மாவின் பக்கத்தில் போய், தங்கள் சண்டையை பர்வீன் அக்கா தீர்த்துவைத்த கதையைச் சொன்னார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதும் எனக்குப் பொறாமையாக இருந்தது... அங்கேயும்.

என் முறை வந்தபோது, "கூடப் படிக்கிறேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

பர்வீன், நீ சண்டையே போடலடி. நான்தான். ஒன்னத் தேடி வாரவங்கள்ல ஒருத்தராச்சும் என்னையத் தேடி வரலயேன்னு... அம்புட்டுதான்.

போயிட்டு வா புள்ள.