சாமந்திச் சரம்

அன்று ஆயுத பூஜைக்கு மறுநாள். டீச்சர் ஒருவருக்காக நான் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரை, எங்கள் தி.நகர் கடையில் சோதனைக்காக விடாமல் ஓட்டினேன். இருபதாவது நிமிடம் நின்றுபோனது. மறுபடி ஓட்டினாலும் அப்படியே. மாலையில் டீச்சர் வந்துவிடுவார்.

மெமரிதான் கோளாறு என்று முடிவுகட்டி, அதை எனக்கு விற்ற நண்பன் மணியை ராயப்பேட்டையிலிருந்து வரவழைத்து, "டூப்ளிகேட்டை என் தலையில கட்டிட்டியேடா" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவன் வேறு மெமரியைப் போட்டான். அப்போதும் நின்றது. பின்பக்கம் குனிந்து பார்த்தான்.

"ஃபேன்ல பூவு மாட்டிக்கினு கீது மச்சி."

பூஜைக்கு நானே சாத்திய சாமந்திச் சரம். ஃபேன் சுற்றாமல் சூடேறித்தான் நின்றுபோயிருக்கிறது. எடுத்ததும் நிற்காமல் ஓடியது.

மணி கிளம்புவதற்குள் டீச்சர் வந்துவிட்டார். "ஏன் திறந்து வச்சிருக்கீங்க, என்ன பிரச்சினை?"

"மெமரி சரியில்ல டீச்சர்" என்றேன்.

மணி மறுக்கவில்லை. அவன் பேசாமல் நின்றதுதான் இன்றும் என்னைச் சுடுகிறது.