பேப்பரைப் பார்க்காமல் சொல்லுங்க

கீழ்வேளூர் அரசு மருத்துவமனையிலிருந்து டாக்டர் செல்வம்தான் போன் செய்தார். "சார், நம்ம மெஹர் மேடம் காலைல தவறிட்டாங்க." "யாருய்யா சொன்னா?" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். "அவங்க மகதான் சார் பேசுனாங்க" என்றார். அன்று மாலையே கூத்தாநல்லூரில் அடக்கம்.

டாக்டர் மெஹருன்னிஸாவை தஞ்சை, நாகை, திருவாரூர் மருத்துவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எங்கள் மருத்துவ இதழுக்கு அவர் ஆசிரியர், நான் துணையாசிரியர். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வருடக்கணக்காகச் சண்டை போட்டோம். கட்டுரை அனுப்பிய பலருக்கும் அவர் குரல் நினைவிருக்கும். அச்சுக்குப் போகுமுன் போன் செய்து, "உங்க நோயாளியப் பத்திச் சொல்லுங்க. பேப்பரப் பாக்காம சொல்லுங்க" என்பார். எனக்கு அது வெட்டி வேலையாகப் படும். காப்பி அடித்ததைக் கண்டுபிடிக்கத்தான் சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறோமே என்பேன். "அது வாக்கியத்தத்தான் பாக்கும் சார். ஆளப் பாக்காது" என்பார்.

ஒரு சம்பா நடவு சமயத்தில் செல்வத்தின் கட்டுரை வந்தது. தரையில் படுத்துத் தூங்கிய ஒரு பெண், விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறார். கடிபட்ட தடம் எதுவும் இல்லை. இமை சரிகிறது, கைகால் அசைவற்றுப் போகிறது, மூச்சு நிற்கிறது. கட்டுவிரியன் என்று செல்வம் ஊகித்து, விஷமுறிவு மருந்தை ஏற்றி, நாகப்பட்டினம் வரை ஆம்புலன்ஸில் கையாலேயே பையை அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டு போயிருக்கிறார். செத்துவிட்டதாக உறவுக்காரர்கள் அழுத அந்தப் பெண் பிழைத்துவிட்டார். ஆனால் சாஃப்ட்வேரில் போட்டால் முன்னுரை முழுக்கச் சிவப்பு. யாரோ எழுதிய ஆங்கிலத்தை எடுத்து அப்படியே ஒட்டியிருந்தார். எனக்கு வந்த கோபத்தில், கட்டுரை நிராகரிக்கப்பட்டது, இனி இவருடைய எதையும் வாங்குவதில்லை என்று கடிதம் எழுதிவிட்டேன்.

அதே வாரம் வேறு ஊர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடமிருந்தும் கட்டுவிரியன் கட்டுரை ஒன்று வந்தது. அழகான ஆங்கிலம். ஒரு சிவப்புக் கோடு கிடையாது. இதைப் போடலாம் என்றேன். மெஹர் மேடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். "வயசும் ஊரும்தான் சார் வேற. ஆளு ஒண்ணு மாதிரியில்ல இருக்கு?" என்று போனை எடுத்தார்.

"அந்தம்மாவுக்கு முதல்ல எது தம்பி அசைஞ்சுது?" என்று செல்வத்திடம் கேட்டார். "வலது கால் கட்டைவிரல் மேடம். டூட்டி முடிஞ்சு மறுநாள் நாகப்பட்டினம் போயிருந்தேன். விரல்ல மருதாணி வச்சிருந்தாங்க, அதான் சட்டுனு கண்ணுல பட்டுச்சு. வார்டுன்னும் பாக்காம கத்திட்டேன். டாக்டருங்க மாசக் கூட்டத்துலகூட ஸ்லைடு போட்டுக் காட்டினேனே மேடம்." அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அந்தப் பேராசிரியர்தான். அவரிடமும் மேடம் அதே கேள்வியைக் கேட்டார். ஃபைலைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஃபைலையே அனுப்பச் சொன்னார் மேடம். அது வரவே இல்லை.

அவர்தான் வந்தார். அவரும் மெஹர் மேடமும் தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்தவர்கள். மேடத்தின் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று எங்களையெல்லாம் வரவேற்றவர் அவர். "மெஹர், நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? நான் திருப்பி வாங்கிக்கிறேன். விட்டுடேன்" என்றார். "நீ வாங்கிட்டுப் போயி வேற பத்திரிகைக்கு அனுப்புவ. நாளைக்குப் படிக்கிற டாக்டரு, ரெண்டு பேரு பொழைச்சாங்கன்னு நம்பி வைத்தியம் பண்ணுவாரு. அந்த ரெண்டாவது ஆளு ஒலகத்துலயே இல்லியேப்பா. உங்க காலேஜுக்கு எழுதித்தான் ஆகணும்." அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார். மேடம் கடிதத்தை அடித்து முடித்து, அனுப்பிவிட்டு, முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் டீ வாங்கி வைத்தேன். அது ஆறிப்போனது.

செல்வத்தையும் அவர் சும்மா விடவில்லை. "அவசரத்துல எடுத்தாலும் எடுத்ததுதான் தம்பி. தப்பும் தவறுமா இருந்தாலும் உங்க இங்கிலீஷ்லயே எழுதுங்க. திருத்தத்தானே நாங்க உக்காந்திருக்கோம்?" என்று முன்னுரையைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தார். நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை என் கண் முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டார். கட்டுரை செல்வத்தின் பெயரில் வெளிவந்தது. பேராசிரியர் அதற்குப் பிறகு ஒரு பெருநாளுக்கும் மேடம் வீட்டுக்கு வரவில்லை.

கடைசியாக அவரை மருத்துவமனைப் படுக்கையில் பார்த்தேன். நான் ஏதோ இதழைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். குறுக்கிட்டு, "அவரு உங்ககிட்ட பேசுனாரா சார்?" என்று கேட்டார். யார் என்று நான் கேட்கவில்லை. இல்லை என்றேன். "நல்ல டாக்டரு சார் அவரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடக்கத்துக்கும் அவர் வரவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. மேடம் இருந்தால் அதற்கும் என்னைத்தான் திட்டுவார்.

இந்த அஞ்சலிக்காக முதலில் ஒரு பக்கம் எழுதினேன். ஈடுசெய்ய முடியாத இழப்பு, மருத்துவ உலகின் ஒளிவிளக்கு என்று கை தானாக ஓடியது. படித்துப் பார்த்தால், போன வருடம் வேறொருவருக்கு நானே எழுதியது. அதில் மெஹர் மேடம் எங்கேயும் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு எதிர் நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்கும் அந்த ஒரு கேள்விதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. இனி கட்டுரை எழுதுகிறவர்களுக்கு நான்தான் போன் செய்து கேட்க வேண்டும்.

பேப்பரைப் பார்க்காமல் உங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இருக்கிறது, மேடம். கேட்கத்தான் நீங்கள் இல்லை.